இத்தாலிக்காரனுக்கு விழுந்த அறை

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டி இரும்புத் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வாய்தான் வேலை. நம்மூர் மானேஜர் பேசும் ஆங்கிலத்தை, இயந்திரம் பொருத்த வந்த இத்தாலிய மெக்கானிக்குக்கு அவன் மொழியில் சொல்ல வேண்டும். இத்தாலியக் கப்பல் ஒன்றில் எண்ணெய் துடைத்து நான் கற்ற மொழி அது.

ஆங்கிலேயன் கஞ்சன். ஒரே ‘டேக் ஆஃப்’பை வைத்துக்கொண்டு மூடியைக் கழற்றுவான், விமானத்தைக் கிளப்புவான், லீவும் போடுவான். இத்தாலியனுக்கோ ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். மானேஜர் ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் கை எதைக் காட்டுகிறது என்று பார்த்த பிறகுதான் நான் வாய் திறப்பேன்.

இயந்திரம் ஓட வேண்டிய நாள். ஹெல்பர் ஒருவன் குங்குமம் அடைத்த பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றினான். திருஷ்டி கழிக்கிறான் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், இயந்திரத்தை உடைக்க வருகிறான் என்று நினைத்து மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரால் அடித்தான். ஹெல்பரின் மண்டை பிளந்தது. குங்குமம் எது, ரத்தம் எது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், பிழைத்துக்கொண்டான்.

மற்றவர்கள் கம்பியும் சுத்தியலுமாக மெக்கானிக்கைச் சூழ்ந்துவிட்டார்கள்.

“நவுந்துக்கோ சார்! இவனை இங்கியே பொதைக்கிறோம்.”

மானேஜர் தூரத்தில் நின்று, “காம் டவுன்! காம் டவுன்!” என்று கத்தினார். எவன் கேட்டான்? மெக்கானிக்கும் ஸ்பேனரை விடவில்லை. இன்னொரு முறை ஓங்கினால் அவன் பிணம்தான்.

பிறத்தியான் கை வைப்பதற்குமுன் பெற்றவனே பிள்ளையை அடித்துவிடுவது நம் பக்கத்து வழக்கம். அதற்குமேல் யாரும் தொட மாட்டார்கள். நான் மெக்கானிக்கின் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். மறுபடியும் அறைந்தேன். உதடு கிழிந்தது, ஸ்பேனர் கீழே விழுந்தது. எனக்கும் ஆத்திரம் இருந்தது; பொய் சொல்ல மாட்டேன்.

“உடு சார், போதும். செத்துகித்துப் போய்டப் போறான்,” என்று கம்பி வைத்திருந்தவனே என் கையைப் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் மானேஜர் அறையில், வீங்கிய உதட்டோடு மெக்கானிக் என்னைக் காட்டிக் கத்தினான். உன்னைக் காப்பாற்றத்தான் அடித்தேன் என்று அவன் மொழியிலேயே சொன்னேன்.

“அடித்தா?” என்று காறித் துப்பினான்.

நம் பக்கத்து வழக்கத்துக்கு இத்தாலிய மொழியில் சொல் தேடினேன். அவன் மானேஜரைப் பார்த்து மறுபடி கத்தினான்.

“என்னய்யா சொல்றான்?” என்றார் மானேஜர்.

வேறு யார் சொல்வது? நானே ஆங்கிலமாக்கினேன், ஒரு சொல் குறைக்காமல்.

“‘த்ரோ ஹிம் அவுட்’ என்கிறான் சார்.”

“யாரை?”

“என்னைத்தான் சார்.”

மதியச் சங்கு ஊதுவதற்குள் என்னை கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள்.