துவாலை மடிக்கும் மேசை

காலை எட்டு பத்துக்குச் சலவைக்கூடத்துக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல். மின்விசிறிக்கு நேர் கீழே போட்டிருந்தார்கள். அதில் என் மாணவி உட்கார்ந்திருந்தாள். கையில் பாதி கடித்த கறிபாப் பலகாரம். அவள் எதிரே நீண்ட மேசை. மேசையின் மறுபக்கத்தில் ஓர் அக்கா நின்று, அவளுக்கென்று ஒதுக்கப்பட்ட துவாலைகளை மடித்துக்கொண்டிருந்தார். தலையில் கழற்ற மறந்த மோட்டார் ஹெல்மெட்.

அது பயிற்சியின் இரண்டாம் வாரம்.

பத்திரிகை வேலையை விட்ட பிறகு, ஜார்ஜ் டவுனில் ஓர் இடைநிலைப்பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்புக்கு வேலைப் பயிற்றுநராகச் சேர்ந்தேன். கற்பதில் சிரமமுள்ள பிள்ளைகள் பள்ளியை முடிக்கும் முன் அவர்களுக்கு எந்த வேலை ஒத்துவரும் என்று பார்ப்பதும், அந்த இடத்துக்கே கூட்டிப்போய்ப் பழக்குவதும் என் பொறுப்பு. ஹோட்டல் துணிகளை வெளுத்துத் தரும் இந்தக் கூடம் டத்தோ கிராமாட்டில் இருந்தது. அவள் வீட்டிலிருந்து நடந்தே வரலாம். அவள் அதிகம் பேசமாட்டாள். புதியவர்களின் முகத்தைப் பார்க்கமாட்டாள், கைகளைப் பார்ப்பாள். வகுப்பில் மேசைவிரிப்பு ஒரு விரல் கோணலாக இருந்தாலும் எழுந்துபோய் நேராக்குவாள். அதைப் பார்த்துத்தான் இந்த இடத்தைத் தேர்ந்தேன்.

அவள் அப்பா பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறார். அம்மா இல்லை. ஆண்டு முடிவோடு பள்ளியும் முடிகிறது. அதற்குள் வேலை அமையாவிட்டால் நிபோங் திபாலில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அவளை அனுப்புவதாக இருந்தார்.

"என் கொழுந்தியா நல்லவதான் சார். நேரத்துக்குச் சோறு போடுவா, டிவி போட்டு விடுவா. ஆனா அங்க போனா இவ வாசலத் தாண்டமாட்டா. இங்கன்னா தனியா கடைக்குப் போறா, கோயிலுக்குப் போறா. நான் ரெண்டு ஷிப்ட் ஓடுறேன், பகல் பூரா வீட்டுல பூட்டி வைக்கவா முடியும்?"

மகளிடம் கேட்டேன். "போகல" என்றாள்.

சலவைக்கூடத்து முதலாளியம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்: "தர்மத்துக்கு ஆள் வைக்கமாட்டேன் சார். மடிச்சா வைக்கிறேன். ரெண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை நானே வந்து பாக்குறேன்." அந்த வெள்ளிக்கிழமைதான் இது.

"அக்கா, இது அவ வேலைதானே?" என்றேன்.

"காசியான்லா சார், பாவம், சின்னப் பிள்ள. டிரையர்லருந்து வர்றது நெருப்பா சுடுது. கை வெந்துடாது?"

"உங்க கை வேகலையா?"

"இதக் கைன்னு யாரு சொன்னா? தோசைக்கல்லு சார்."

பக்கத்து மேசைப் பெண்கள் சிரித்தார்கள். முதல் நாளுக்குப் பின் நான் மற்றப் பிள்ளைகளின் இடங்களுக்குப் போய்விட்டிருந்தேன்; விசாரித்ததில், இரண்டு வாரமும் இதே கதைதான். பாவம் என்று ஸ்டூல் போட்டார்கள், பாவம் என்று பலகாரம் கொடுத்தார்கள், பாவம் என்று அவள் வேலையையும் செய்து முடித்தார்கள். ஒருவரும் அவளிடம் கடுமையாக ஒரு சொல் பேசியதில்லை. அப்படியே அவளை நிபோங் திபாலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"மத்தியானம் ஹோட்டலுக்குத் துணி ஏத்துற லோரி வர்ற வரைக்கும் இந்த மேசையில யாரும் கை வைக்கவேணாம்" என்றேன்.

அக்காவின் முகம் வாடியது. "பேப்பர்காரருன்னு சொன்னாங்க. சரியாத்தான் இருக்கு, கல்லு மனசு."

நான் ஸ்டூலை எடுத்துச் சுவரோரம் வைத்தேன். மாணவி எழுந்து நின்றாள். கையைத் துடைத்துக்கொண்டு முதல் துவாலையை விரித்தாள். வேகம் இல்லை, ஆனால் கை தயங்கவுமில்லை. ஓரத்தோடு ஓரம் சேர்த்து அழுத்தினாள், அடுத்ததை எடுத்தாள். அடுக்கு மெல்ல உயர்ந்தது. அக்கா தன் மேசையிலிருந்து என்னை முறைத்தபடி இருந்தார்.

பத்தரை மணிவாக்கில் முதலாளியம்மா வந்தார். அடுக்கின் மேல் துவாலையை எடுத்துத் திருப்பினார். அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததையும்.

"பூ எங்க சார்? துவாலையில தச்சிருக்கிற ஹோட்டலோட பூ மேல தெரியணும். இது எல்லாமே உள்ள போயிருக்கு. ஒண்ணுகூடச் சரியில்ல."

"அதுக்குத்தானே நானே மடிச்சேன்" என்றார் அக்கா. குரலில் குற்றச்சாட்டு இல்லை, வருத்தம்தான் இருந்தது.

மாணவி இரண்டு கைகளையும் அடுக்கின்மேல் வைத்து அசையாமல் நின்றாள்.

நான் துவாலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒண்ணுகூடச் சரியில்லை என்பது உண்மை. ஆனால் எல்லாம் ஒரே மாதிரி தப்பு. கற்றுக்கொள்ளாதவரால் இப்படித் தப்புச் செய்யமுடியாது. அக்காவை ஒன்று மடிக்கச் சொல்லி, முன்பு ஸ்டூல் இருந்த இடத்தில் நின்று பார்த்தேன். அவர் இடப்பக்கத்தை முதலில் மடித்தார். எதிரே நின்ற எனக்கு அது வலப்பக்கமாகத் தெரிந்தது. இரண்டு வாரமாக அவள் உட்கார்ந்து பார்த்ததும் இதைத்தான். பார்த்ததைப் பார்த்தபடியே வலப்பக்கத்தை முதலில் மடித்திருக்கிறாள்; அதனால்தான் பூ உள்ளே போய்விட்டது.

"எதிர்ல நிக்காதீங்கக்கா. அவ பக்கத்துல வந்து நில்லுங்க. அவளோடதத் தொடவேணாம், உங்களோடத மடிங்க."

அக்கா மேசையைச் சுற்றி வந்து அவள் தோளோடு நின்றார். மெதுவாக மடித்தார். மாணவி கைகளைப் பார்த்தாள். முதல் முறை பழையபடியே செய்தாள். தானே பிரித்துப் போட்டாள். இரண்டாம் முறை பாதியில் நிறுத்தினாள். அதற்கடுத்து, பூ மேலே வந்தது.

"அடியே!" என்றார் அக்கா.

பிறகு அவள் அடுக்கு முழுவதையும் கலைத்தாள். எல்லாவற்றையும் திரும்ப மடிக்கவேண்டும். பாதிகூட முடியுமுன் மத்தியான லோரி வந்துவிட்டது. அக்காவின் கை தன்னை அறியாமல் நீண்டது. மாணவி துவாலைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எடுக்காதீங்கக்கா. என்னோடது."

வாசலில் லோரிக்காரர் ஹார்ன் அடித்தார். "என்ன எல்லாரும் நிக்கிறீங்க, பொண்ணு பாக்கவா வந்தீங்க? சாமானக் குடுங்கலா!"

முதலாளியம்மா திரும்பாமலே சொன்னார்: "போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வா தம்பி."

அவர் குடித்துவிட்டு வந்தபோதும் ஒரு கூடை மிச்சம் இருந்தது. அதை விட்டுவிட்டு லோரி போனது. முதலாளியம்மா என்னை வாசலுக்கு அழைத்தார்.

"வேகம் பத்தாது சார்."

"வரும்."

"வரலைன்னா?"

"நானே வந்து கூட்டிட்டுப் போறேன். ஆனா அதுவரைக்கும் அவளுக்கு யாரும் மடிச்சுக் குடுக்கக்கூடாது."

உள்ளே எட்டிப் பார்த்தார். மிச்சக் கூடை பாதியாகியிருந்தது.

"பள்ளிக்கூடம் முடிஞ்சதும் வரச் சொல்லுங்க. சம்பளத்துக்கே. மூணு மாசம் பாக்குறேன்."

சாயங்காலம் அவள் அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். பேருந்தை ஓரம் கட்டிவிட்டுக் கேட்பதாகச் சொன்னார். முழுவதையும் இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

பள்ளி முடிந்த பின் வந்த முதல் திங்கட்கிழமை, வேலை தொடங்கும் நேரத்துக்குச் சலவைக்கூடத்துக்குப் போனேன். மேசையின் ஒரே பக்கத்தில் இருவரும் நின்றிருந்தார்கள். சிவப்பு ஸ்டூல் சுவரோரம் இருந்தது. அதன்மேல் அக்காவின் ஹெல்மெட் இருந்தது.