டிவியில் வந்த இரண்டாவது பெயர்

நம்பாதவர்கள் வட்டவடைக்கு வந்து நல்லமுத்து அண்ணனைக் கேட்டுக்கொள்ளலாம். அவர் வாய் திறப்பாரா என்பதுதான் சந்தேகம்.

நான் சதீஷ். மூணாறு வட்டாரத்தில் வீடுகளுக்கு வைஃபை, டிவி பெட்டி மாட்டிக் கொடுப்பது என் வேலை. போன ஆடியில், மழை விடாத ஒரு சாயங்காலம், ஜீப் ஓட்டும் நல்லமுத்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். லேப்டாப்பில் இருக்கும் படங்களை டிவியிலேயே பார்க்க வேண்டும் என்றார். அவர் மனைவி ராசம்மாள் அடுக்களையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத்தான் அந்த வீட்டுக்கு வைஃபையே வந்தது. பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான் தெரியும். படங்கள் இருந்த ஃபோல்டரை ஷேர் செய்தேன். டிவியில் பிளேயர் பெட்டியை மாட்டி, நெட்வொர்க்கில் தேடவிட்டேன். லேப்டாப்பின் பெயர் ஒன்றுதான் வர வேண்டும்.

இரண்டு வந்தன.

இரண்டாவது... ஜீவிதா.

“அண்ணே, வேற கம்ப்யூட்டர் இருக்கா?”

“இல்லையே தம்பி.” வாசலில் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். திரையைப் பார்க்கவில்லை.

திறந்தேன். உள்ளே ஒரே ஒரு வீடியோ. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் அளவு ஏறியது. யாரோ இப்போது பதிவு செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஓடவிட்டேன். திரை கறுப்பு. மழைச் சத்தம். வெளியே பெய்யும் மழை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு மூச்சு கேட்டது. இழுத்து இழுத்து...

டொக்... டொக்...

“அம்மா... கதவு திறக்க மாட்டேங்குது.”

அடுக்களையில் முறம் விழுந்தது.

“ஜீவி... இந்தா வாரேன்டி.” ராசம்மாள் பின்வாசலுக்கு ஓடினார். அண்ணன் குறுக்கே பாய்ந்து பிடித்தார்.

“அமத்துடா அதை.”

வயரைப் பிடுங்கினேன். திரை அணைந்தது.

டொக்...

பின்வாசலுக்கு வெளியே.

ராசம்மாள் திமிறிக் கதவைத் திறந்தார்.

வெறும் செம்மண் சரிவு.

சத்தம் நின்றது.

அண்ணன்தான் என்னை ஜீப்பில் கொண்டுவந்து விட்டார். இரண்டு வருடத்துக்கு முன்னால் உருள்பொட்டலில், அதாவது நிலச்சரிவில், மலை சரிந்து பின்வாசலுக்கு அப்பால் இருந்த பின்னறையை மூடியதாம். உள்ளே அவர் மகள் ஜீவிதா, அவளுடைய கம்ப்யூட்டரோடு. மூன்றாம் நாள்தான் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

“மண்ணு விழுந்ததுமே சட்டுன்னு போயிட்டாள்னு ராசம்மாகிட்ட சொல்லி வச்சிருக்கேன்.”

வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

“டாக்டரு எங்கிட்ட மட்டும் சொன்னாரு தம்பி. நாங்க எடுக்குறதுக்குக் கொஞ்ச நேரம் முந்தி வரைக்கும்... உசுரு இருந்திருக்கு.”