மதினி எடுத்த ஆரத்தி

ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டதற்கு அடுத்து வந்த ஆடி மாதம். பர்மாவிலிருந்து நடந்தே ஊர் திரும்பிய பந்தல்குடிக்காரர் ஒருவர், அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் ஊருக்குப் பஸ் ஏற நின்ற என்னைத் தேடி வந்தார். ரங்கூனில் என் அண்ணனோடு ஒரே கடையில் வேலை பார்த்தவர்.

"அவுக வர மாட்டாக தம்பி. வர்ற வழியில கழிச்சல் கண்டுருச்சு. நான்தேன் குழி தோண்டுனேன்."

தாய் தகப்பன் இல்லாத என்னைப் பி.ஏ. வரை படிக்க வைத்தவர் அண்ணன். சோறு போட்டு வளர்த்தவர் மதினி. நான் அழுதேன், அதில் பொய் இல்லை. ஆனால் ஆவணியில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சாவு தெரிந்தால் ஒரு வருடத்துக்கு வீட்டில் நல்ல காரியம் கிடையாது. பெண் வீட்டார் காத்திருப்பார்களா? கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யார்ட்டயும் சொல்லிறாதீக. மதினி தாங்க மாட்டாக" என்றேன்.

திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊர். சாயங்காலம், யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் அடுப்புக்கரியில் ஓடிய கரி பஸ் இரைந்துகொண்டு வந்தால், அடுப்பில் இருப்பதை விட்டுவிட்டு மதினி ரோட்டுக்கு ஓடுவார். "கரி மூட்டைக்குள்ள ஒளிஞ்சிருக்காகளான்னு நல்லாப் பாத்துக்க தாயி" என்பார் டிரைவர். மதினியும் சிரிப்பார். திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. நெஞ்சுக்குக் கீழே எரிகிறது என்பார். தூக்கம் போயிற்று. தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. "சேதி ஏதும் உண்டா தம்பி?" என்று கேட்கும்போதெல்லாம், "வந்துருவாக மதினி" என்றேன். கஷாயம் வாங்கிக் கொடுத்தேன். அந்த நோய்க்குக் காரணம் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

கல்யாணத்தன்று எங்களுக்கு ஆரத்தி எடுத்தது மதினி. எலும்பும் தோலுமான கையால் எங்கள் நெற்றியில் பொட்டு வைத்தார்.

அதற்குப் பிறகும் சொல்லவில்லை. மறுவீடு, தலைதீபாவளி என்று தள்ளிக்கொண்டே போனேன். கார்த்திகையில் மதினி ரத்தமாக வாந்தி எடுத்தார். மதுரை டாக்டர் வயிற்றில் புண் என்றார். மனதுக்குள் ஓயாத கவலை ஏதாவது உண்டா என்று என்னைத்தான் கேட்டார். அன்றைக்குத்தான் மதினியிடம் சொன்னேன்.

மதினி அழவில்லை. "எப்பத் தெரியும்?"

"ஆடியில."

சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். "அப்ப, தாலியறுத்தவ கையாலயா ஒங்களுக்கு ஆரத்தி எடுத்தேன்? ஐயோ, அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதே தம்பி!"

ஒரு கவலை எழுந்துபோன இடத்தில் இன்னொன்று உட்கார்ந்தது. என் மனைவிக்குத் தலைவலி என்றாலும் மதினி வயிற்றைப் பிடித்துக்கொள்வார். அவள் எவ்வளவு மன்றாடியும் அவள் எதிரே வரமாட்டார். அவள் உண்டானபோது, பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று பட்டினி கிடந்து சாமிக்கு நேர்ந்துகொண்டார். புண்பட்ட வயிறு பட்டினியைத் தாங்கவில்லை. மகன் சுகமாகப் பிறந்தான் என்ற சேதியைக் கேட்க அவர் இல்லை.

அண்ணன் போனதை மதினி தாங்கியிருப்பார். கல்யாணம் தள்ளிப்போவதைத் தாங்க முடியாதவன் நான்தான். இப்போது வயதாகி நான் நோயில் கிடக்க, என் பிள்ளைகள் பக்கத்து அறையில் டாக்டர் சொன்னதைப் பேசி, "அப்பா தாங்க மாட்டாக" என்று குரலைத் தாழ்த்தும்போது, மறைப்பது எனக்காகவா, உங்களுக்காகவா என்று கேட்க நாக்கு துடிக்கிறது. கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்பதால் வாயை மூடிக்கொண்டு படுத்திருக்கிறேன்.