பருப்பு வெந்த தண்ணீர்

எங்கள் பக்கத்தில் ஒரு சொல் உண்டு: "பொண்ணப் பக்கத்து வீட்டுல கேளு, தண்ணியப் பருப்புகிட்ட கேளு." பருப்பு குழைந்தால் நல்ல தண்ணீர், வேகாமல் முழித்தால் ஆகாத தண்ணீர். அதற்கு மேல் ஒரு சோதனை வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

ஆலங்குளம் பக்கம் என் அக்காவைக் கட்டிக்கொடுத்த வீட்டில் ஒரு பழைய கிணறு இருந்தது. அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் விறைத்துக்கொண்டு நிற்கும். குடத்துக்குள் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும்.

"இந்தக் குடத்தைச் சுரண்டுனா வீட்டுக்கே வெள்ளையடிச்சிரலாம்லே" என்பாள் அக்கா.

பிறகு அத்தான் போர் போட்டார். பாறையைத் துளைத்து இறங்க இறங்க, முற்றமெல்லாம் கல்மாவு பறந்தது. ஒருவழியாகத் தண்ணீர் வந்ததும் அக்கா முதல் வேலையாகப் பருப்பைப் போட்டாள். ஒரே விசில், வெண்ணெய்தான். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"பாறைக்குள்ள இருந்து வருத தண்ணி, மாப்ள. தூசி தும்பு அண்டுமா?" என்று அத்தான் மீசையைத் தடவினார். அந்த வாரமே பழைய கிணற்றில் குவாரிக் கழிவைக் கொட்டி மூடியாயிற்று.

பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்த வீட்டில் சாம்பார் நன்றாகவே இருந்தது. அக்காவுக்குத்தான் முதலில் முழங்கால் பிடித்தது. அடுத்து முதுகு வளைந்தது. "உங்க அக்கா என்னத்தையோ கீழ போட்டுட்டுத் தேடுதா" என்று அத்தான் கேலி பேசினார். கழுத்தும் இறுகிய பிறகு அவர் கேலியை விட்டுவிட்டார்.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் மருந்து எழுதுவதற்கு முன்னால், "எந்தத் தண்ணி குடிக்கீங்க?" என்றுதான் கேட்டார். ஒரு பாட்டிலில் போர் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு சோதனைச் சாலைக்குப் போனேன். அங்கிருந்த அம்மா பொறுமையாக விளக்கினார். எங்கள் பாறையில் ஃபுளோரைடு இருக்கிறதாம். ஆழத்தில் காலங்காலமாகக் கல்லோடு கிடக்கும் தண்ணீர் அதைக் கரைத்து எடுத்துக்கொள்ளுமாம்; குடிக்கக் குடிக்க அது எலும்பில் ஏறி இறுக்கிவிடுமாம். சுண்ணாம்பு நிறைய இருந்தால், அது ஃபுளோரைடைக் கட்டிப்போட்டு அதிகம் கரைய விடாது. சுண்ணாம்பு குறைந்து சோடா உப்பு ஏறிய தண்ணீரிலோ கேட்பாரில்லை.

"பழைய கிணத்துல பருப்ப வேகவிடாதது அந்தச் சுண்ணாம்புதான் சார். போர்ல வேகவச்சது இந்தச் சோடா."

"கொதிக்க வச்சுக் குடிச்சா?"

"தண்ணிதான் வத்தும். அது அப்படியே இருக்கும்."

"எலும்புக்குள்ள ஏறினது இறங்குமாம்மா?"

"இனிமே ஏறாமப் பாத்துக்கிடலாம்" என்றார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரிந்தது.

அன்றைக்கே அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுண்ணாம்பு, சோடா ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை. கேன் தண்ணீருக்கு மாறினாள்; கூடவே பருப்பு வேகவைப்பதையும் அடியோடு நிறுத்தினாள். ரசமும் புளிக்குழம்பும்தான். "பாவிப்பய பருப்பு, கூடவே இருந்து குழி பறிச்சிட்டு" என்று அதைத் திட்டினாள்.

போன சாரலில் அவளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனேன். அருவிக்கடியில் கொண்டு நிறுத்தப் பயமாக இருந்தது. பாறையில் வழிந்தோடும் ஓரத்தில் பிடித்து நிறுத்தினேன். அவளால் தலையைத் தூக்க முடியவில்லை. தன் காலையும் காலைச் சுற்றி ஓடும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"மேல நல்லா விழுதாலே?"

"விழுதுக்கா. வெள்ளைவெளேர்னு விழுது."

அவளுக்குக் குனியும் வேலையே இல்லை. அப்படியே ஒரு கை அள்ளி வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

"இதுல பருப்பு வேகுமாலே?"

"நல்லா வேகும்க்கா. இது மழத்தண்ணி..."

அதற்குள் கையை உதறிவிட்டாள். "அப்பம்னா வேண்டாம்" என்றாள். இது கல்லுக்குள் கிடந்த தண்ணீர் இல்லை என்று மீதியை அருவிச் சத்தத்தில் கத்திச் சொன்னேன். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, அவள் கேன் தண்ணீர் பாட்டிலைக் கேட்டாள்.