கல் விட்டதும் கட்டில் தூக்கியதும்

முதல் பக்கத்தில் என் செய்தி வந்தது அதுதான் முதல் தடவை. அது பொய்ச் செய்தி.

இடஒதுக்கீடு கேட்டுக் கிராமத்து இளைஞர்கள் சாலையில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்த காலம். நான் கள்ளக்குறிச்சியில் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். கல்வராயன் மலையிலிருந்து பிரசவ வலியோடு வந்த பெண்ணின் ஜீப்பை மறியல்காரர்கள் கல்லால் அடித்தார்கள், அவள் அங்கேயே இறந்தாள் என்று எழுதியிருந்தேன். சொன்னவர் ஜீப் டிரைவர் காதர் பாய். மண்டையில் ஆறு தையல்.

"பயத்துல கரும்புக் கொல்லையில பூந்து ஓடியாந்துட்டேங்க. அந்தப் பொண்ணு கத்தினது நின்னுபோச்சு. நான்தான் வுட்டுட்டு வந்து சாவடிச்சிட்டேன்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்.

போலீஸ் ஸ்டேஷனில் கேட்டேன். "அப்படித்தான் கேள்வி" என்றார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. ஆஸ்பத்திரி, ஸ்டேஷன், பத்திரிகை ஆபீசுக்கு டிரங்கால் போட்டுச் செய்தி சொல்ல தபால் ஆபீஸ். எங்கள் நிருபர் உலகமே அவ்வளவுதான். சம்பவம் நடந்த ஊருக்குள் போகிறவன் கிடையாது.

மறுநாள் செய்தியைப் படித்துக் கொதித்து டவுனில் கடைகளை அடைத்தார்கள். மறியல் ஊர்க்காரன் எவனும் கடைத்தெருவில் கால் வைக்கக்கூடாது என்று பேச்சு. அந்த ஊரில் எங்கள் பேப்பர் கட்டைக் கொளுத்தினார்கள். நானோ முதல் பக்கம் ஆச்சே என்று மிதப்பில் திரிந்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மறியலை நடத்திய வீராசாமி பஸ் ஸ்டாண்டுக்கே வந்து என் சட்டையைப் பிடித்தார். "யோவ், செத்துட்டாளா? நீ பாத்தியா? வா, வந்து பாரு."

சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து அவர் வீட்டுக்கே கூட்டிப்போனார். உள்ளே பாயில் அந்தப் பெண் படுத்திருந்தாள். பக்கத்தில் குழந்தை.

"இவங்கதாங்க கெணத்து மோட்டார் கொட்டாயிலேர்ந்து கயித்துக் கட்டில் எடுத்தாந்து, மரத்தத் தாண்டித் தூக்கியாந்தாங்க. நர்சம்மாவையும் கூட்டியாந்தாங்க" என்றார் அவள் புருஷன் சடையன்.

"எழுதிக்கினியா?" என்றார் வீராசாமி.

"கல்லு?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இன்னாத்துக்கு இப்போ?"

பாயிலிருந்து அந்தப் பெண்தான் பேசினாள். "கல்லு வுட்டாங்க. நான் கத்துனது கேட்ட பொறவுதான் ஓடியாந்து தூக்குனாங்க. ரெண்டும் நெசந்தானே?"

அடேயப்பா, என்ன பெண்! இரண்டையும் எழுதிக்கொண்டேன். டிரங்காலில் உதவி ஆசிரியர் இழுத்தார். "மறுப்புன்னு உள்பக்கத்துல ரெண்டு வரி போட்டுடலாம்ப்பா. நம்ம தப்ப நாமளே தண்டோரா போடணுமா?"

"சார், பொய்யி முதல் பக்கத்துல வந்துச்சு. நெசத்த மூலையில போட்டா எவன் படிப்பான்? போடலன்னா நாளையிலேர்ந்து நான் எழுதல" என்று கத்தினேன். தபால் ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

முதல் பக்கத்தில் வந்தது. கல்லும் இருந்தது, கட்டிலும் இருந்தது, விசாரிக்காமல் எழுதியது நிருபரின் தவறு என்ற வரியும் இருந்தது. காதர் பாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"உயிரோட இருக்குதுங்களா? புள்ள?"

"பொம்பளப் புள்ள, பாய்."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அன்று மத்தியானம் வீராசாமியும் அதே பேப்பரோடு வார்டுக்கு வந்தார். இன்று செத்தோம் என்று நினைத்தேன். அவர் நேரே கட்டிலருகே போனார். "பாய், கல்லு எங்க பசங்க வுட்டதுதான். இதப் படிச்சிட்டு எங்கூருப் பொம்பளைங்களே காறித் துப்புறாங்க."

"நான் வுட்டுட்டு ஓடினவன்பா. நீங்கதான் தூக்கினீங்க."

சாயங்காலம் கடைகள் திறந்தன. மறியல் நிற்கவில்லை. ஆனால் அதன் பிறகு மரம் விழுந்த இடத்திலெல்லாம் ஆஸ்பத்திரி வண்டி போக வழி விட்டிருந்தார்கள்.

கோரிக்கை என்னவென்று கேட்டு எழுத அடுத்த வாரம் அந்த ஊருக்குக் கிளம்பினேன். தையல் போட்ட தலையில் கட்டோடு ஜீப்பை ஓட்டியவர் காதர் பாய்தான். அங்கே ஊர்க்கூட்டத்தில் நான் குறிப்பெடுக்க, அவர் குறுக்கே கேட்டார். "உங்க தெருவுல எத்தினி பசங்க காலேஜுக்குப் போயிருக்காங்க?"

"ஒருத்தனும் இல்ல, பாய்" என்றார் வீராசாமி.

"எங்க தெருவுலயும் இல்லப்பா."

அதை அப்படியே எழுதி அனுப்பினேன். நிருபர் வேலைக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன்: இந்தப் பக்கம் கேட்டதை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமும் போங்கள். நான் எழுதியவற்றில் மார்தட்டிச் சொல்லிக்கொள்வது அவர்கள் இருவர் பேச்சும் வந்த அந்தச் செய்தியைத்தான். அதில் என் சொல் ஒன்றுகூட இல்லை.