எழுந்திரு என்று சொல்லாத இடம்

ராயபுரம் பக்கத்து இடுகாட்டில் என் அப்பாவைப் புதைத்த மேட்டுக்கு அருகே ஞாயிறுதோறும் ஒரு பெரியவரைப் பார்ப்பேன். சாயம்போன காக்கிச் சட்டை. மனைவியின் மண்மேட்டில் தண்ணீர் தெளித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரிப்பார். ராயபுரத்தில் இருந்த அவர் குடிசையை அரசு ஆட்கள் இடித்து, அவரை நகரத்துக்கு வெளியே அனுப்பியிருந்தார்கள்.

"இம்மாந் தூரம் எதுக்கு வர்றீங்க?" என்றேன்.

"பொறந்த ஏரியாவுல எனக்குனு மிச்சம் கீறது இந்த எடந்தான் நைனா. இங்க குந்தினா யாரும் எழுந்திருன்னு சொல்றதில்ல."

பழைய குழியில் சில வருஷம் கழித்து வேறொருவரைப் புதைப்பது இங்கே வழக்கம். போன ஞாயிறு அவர் மனைவியின் இடத்தில் புது மண்மேடும் அதன்மேல் யாருடைய மாலையோ கிடந்தன. அவர் பொட்டலத்தோடு நின்றிருந்தார். அப்பாவின் மேட்டருகே உட்காரச் சொன்னேன்.

உட்காரவில்லை. "உங்கப்பாரைப் பொதைச்சு எத்தினி வருசம் ஆவுது?" என்று மட்டும் கேட்டார்.