டீயை நிறுத்திய ஆராய்ச்சி

சத்யவேடு பக்கம் தொழிற்சாலைகள் வந்து, லேடீஸ் ஹாஸ்டல்கள் பெருகியிருந்த சமயம். திருப்பதியில் நான் எம்.ஏ. சைக்காலஜி படித்துக்கொண்டிருந்தேன். டீ குடித்தால் ஞாபகசக்தி கூடுமா என்பதுதான் என் ஆராய்ச்சி.

ஒருநாள் காலை ஏழு மணிக்கு, ஃபேக்டரிப் பெண்கள் தங்கியிருந்த ஹாஸ்டலுக்குப் போனேன். யாருக்கெல்லாம் டீ வேண்டும் என்று கேட்டேன். கை தூக்கி டீ வாங்கிக் குடித்த பதினைந்து பேர் ஒரு குழு, வேண்டாம் என்ற பதினைந்து பேர் இன்னொரு குழு. இருபது சொற்களை வாசித்துக் காட்டி, அரை மணி நேரம் கழித்து எழுதச் சொன்னேன். டீ குடிக்காதவர்கள் மளமளவென்று எழுதினார்கள். குடித்தவர்களில் ஒருத்தி மூன்று சொற்களை எழுதிவிட்டு, நாலாவதாகத் தன் பெயரையே எழுதியிருந்தாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. டீ மூளையை மழுங்கடிக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டேனே! வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? வார்டன் அம்மாவிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் போனபோது வாசலிலேயே பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். பெயரை எழுதியவள்தான் முன்னால் நின்றாள்.

"ஏங்க்கா, ஒன்னாலதான் வார்டன் காலை டீயை நிறுத்திட்டாங்க. தெரியுமா?"

"நீங்கதானே எழுத முடியாம..." என்று இழுத்தேன்.

"நாங்க நைட் ஷிஃப்ட் முச்சூடும் நின்னுகினே வேல செஞ்சிட்டு வந்தோம். கண்ணு சொருகிச்சு, டீ கேட்டோம். டீ வேணாம்னவளுங்க நல்லா தூங்கி எழுந்து டிபன் துன்னுட்டு வந்தாளுங்க. மறந்தது டீயாலயா, தூக்கத்தாலயா?"

இரண்டு குழுவிலும் ஒரே மாதிரி ஆட்கள் இருக்க வேண்டும் என்று பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதி மார்க் வாங்கியவள் நான்!

நேரே வார்டன் அம்மாவிடம் போய், தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். "படிச்ச பொண்ணு சொல்றியேன்னு நம்பிட்டேனேம்மா" என்று தலையில் அடித்துக்கொண்டார். மறுநாளே டீ திரும்பி வந்தது.

பிறகு ஒரு விடுமுறை நாளில், எல்லோரும் நன்றாகத் தூங்கி எழுந்தபின், சீட்டுக் குலுக்கிப் போட்டுக் குழு பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் டீ கொடுத்தேன். இந்தத் தடவை இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. என் மாபெரும் கண்டுபிடிப்பு காற்றோடு போனது. ஆனால் என் ஆராய்ச்சிக்குக் கைடாக இருந்த பேராசிரியர் இந்த இரண்டாவது சோதனையைத்தான் பாராட்டினார்.

இப்போது நானும் வகுப்பெடுக்கிறேன். ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட வாயெடுக்கும்போதெல்லாம், இருவரும் எங்கிருந்து வந்து என் முன்னால் நிற்கிறார்கள் என்று முதலில் கேட்டுவிடுகிறேன்.